கட்டைவிரல் உயரத்தில் நின்ற பேனா

கொரோனா வந்த முதல் வருஷம், ஆடிக் காற்றில் ஊரே முகத்தை மூடிக்கொண்டு நடந்த நாட்களில், கடல் கடந்த ஒரு குளிர் நாட்டின் சட்டம் தனக்குக் கண்ணாக இருக்கச் சொல்லி என்னைக் கேட்டது. என் கண்ணுக்கு அப்போது இடது பக்கம் ஒன்றேகால், வலது பக்கம் ஒன்றரை பவர். சட்டத்துக்கு அது தெரியாது.

கேட்டு வந்தவர் எதிர்வீட்டு அண்ணன். பல்லடம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறவர். இருபது வருஷமாக ஹார்ன் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில், எங்கள் தெருவில் அவர் ரகசியம் பேசினால் மூன்றாவது வீட்டில் பதில் சொல்வார்கள். பஸ் ஓடாத அந்த மாதங்களில் அந்தத் தொண்டை வேலையில்லாமல் ரொம்பத் தவித்தது.

அவருடைய மகள் அந்தக் குளிர் நாட்டில் நர்ஸ். புருஷனும் அங்கேதான். ஒன்றரை வருஷத்துக்கு முன் போகும்போது, "ஊடு பார்த்ததும் கூட்டிக்கறேன்" என்று சொல்லி நாலு வயசுப் பெண்ணை அண்ணனிடம் விட்டுவிட்டுப் போனாள். வீடு கிடைத்த மாதம் விமானம் நின்றது. குழந்தைக்கு இப்போது ஆறு நெருங்குகிறது. அம்மா என்றால் அதற்குக் கையகல வெளிச்சம்; சார்ஜ் போட்டு வைக்க வேண்டிய ஒன்று.

இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. லீவில் கோயமுத்தூர் வந்து மாட்டிக்கொண்ட இன்னொரு நர்ஸ், வெள்ளிக்கிழமை சிறப்பு விமானத்தில் திரும்புகிறாள். குழந்தையைக் கூடவே அழைத்துப்போகச் சம்மதித்துவிட்டாள். அதற்குப் பெற்றோர் இருவரும் 'எங்கள் சம்மதத்தோடுதான் குழந்தை வருகிறாள்' என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை ஒருவர் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும். வழக்கமாக அலுவலகம், அதிகாரி, முத்திரை என்று நடக்கிற காரியம். அலுவலகம் எல்லாம் பூட்டிக் கிடந்ததால், கொரோனா தீரும்வரைக்கும் என்று சட்டத்தைக் கொஞ்சம் இளக்கியிருந்தார்கள். வீடியோ காலில் பார்த்தாலும் சாட்சிதான். ஆனால் சாட்சி, கையெழுத்துப் போடுகிறவரை ஐந்து வருஷத்துக்கு மேல் தெரிந்தவராக இருக்க வேண்டும். நிரந்தர வேலையில் இருக்க வேண்டும். சொந்தக்காரராக இருக்கவே கூடாது.

புருஷனுடைய கையெழுத்தை அவருடைய பழைய வாத்தியார் பார்த்து முடித்துவிட்டார். மிச்சம் தாயின் கையெழுத்து. அங்கே அவளை ஐந்து வருஷமாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இங்கே தெரிந்த எல்லாரும் சொந்தம். அண்ணன் விரல் மடக்கிப் பார்த்தார். பால்காரர் சித்தப்பா முறை, மளிகைக்கடைக்காரர் சம்பந்தி வழி, ஸ்கூல் வாத்தியார் இவருக்கே பங்காளி. கடைசியில் மடங்காமல் நின்ற ஒரே விரல் நான்.

"சும்மா பார்த்தாப் போதுமுங்க தம்பி. பார்த்துட்டேன்னு ஒரு கையெழுத்து. உங்களுக்கு அதானுங்களே பொழப்பு?"

அதுதான் பிழைப்பு. ஒரு ஏற்றுமதிப் பனியன் கம்பெனியில் ஃபைனல் செக்கிங் இன்சார்ஜ் நான். சரக்கு கப்பலுக்குப் போவதற்கு முன் அட்டைப்பெட்டிகளில் சிலவற்றைப் பிரித்து, சில பீஸ்களை விளக்கு வெளிச்சத்தில் விரித்துத் தையல், கறை, அளவு பார்த்து, எல்லாம் சரியென்றால் மொத்த லாட்டுக்கும் 'பார்த்தாயிற்று, பாஸ்' என்று கையெழுத்துப் போடுவேன். எல்லாப் பீஸையும் யாரும் பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்தால் கோடைக்கால பனியன் குளிர்காலத்தில்தான் போய்ச் சேரும். சிலதைப் பார், முழுசுக்கும் போடு. இருபத்திரண்டு வருஷமாக என் கைக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு கால் என்று முடிவானது. மகளுக்கு அது விடிகாலை. டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன். நான் இரண்டு மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை, பெல்ட், சாக்ஸ், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, போன்ல காலெல்லாம் தெரியாதுங்க" என்றாள் மனைவி.

"சட்டத்துக்குத் தெரியும்."

"கையெழுத்துப் போடறது அந்தப் புள்ள. நீங்க எதுக்குங்க பொண்ணு பார்க்க வந்தவனாட்டம் வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருக்கறீங்க?"

அவள் ஒரு டம்ளர் கபசுரக் குடிநீரைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் பயத்துக்கும் அதுதான், பசிக்கும் அதுதான்.

கல்யாணச் சீராக வந்த அனுப்பர்பாளையத்துப் பித்தளைக் குடத்தில் போனைச் சாய்த்து வைத்தேன். பின்னால் அண்ணன், அவர் மடியில் குழந்தை. கால் வந்தது. அண்ணன் மகள் நர்ஸ் உடையில், ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாஸ்போர்ட்டைக் காட்டினாள், பார்த்தேன். வெற்றுக் கையெழுத்துக் கோட்டைக் காட்டினாள், பார்த்தேன். பத்திரத்தை முழுக்க வாசித்தாள். நடுவில் மகள் பெயர் வந்த இடத்தில் குரல் ஒரு தடவை சிக்கி, இருமி, மேலே போனது. பிறகு பேனாவை எடுத்தாள்.

"போடறேனுங்கண்ணா. பாருங்க."

பேனா இறங்கியது. காகிதத்துக்கு ஒரு கட்டைவிரல் உயரத்தில் வந்ததும் படம் அப்படியே நின்றுவிட்டது. அவள் வாய் பாதி திறந்தபடி, பேனா அந்தரத்தில் தொங்கியபடி. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றியது.

"ஏங்கண்ணு! போட்டுட்டயா?" என்று அண்ணன் என் காதுக்குள் கூப்பிட்டார். அந்தச் சத்தம் இணையம் இல்லாமலே அந்த நாட்டுக்குப் போயிருக்கும்.

வட்டம் சுற்றியது. குடம் லேசாக ஆடியது. பத்து, பதினோரு நொடி இருக்கும். சட்டென்று படம் குதித்து ஓட, கோட்டின் மேல் நீலமாக, வளைந்து, அடியில் ஒரு இழுப்போடு கையெழுத்து உட்கார்ந்திருந்தது.

"போட்டுட்டேன்! பார்த்தீங்களாண்ணா?"

"பார்த்தேன் கண்ணு. ஓகே."

அந்த 'ஓகே' என்னைக் கேட்காமலே வந்தது. முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், லாட் பாஸ்.

அவள் அந்தப் பத்திரத்தை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு டியூட்டிக்கு ஓடினாள். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. வார்டுக்குள் போன் கிடையாது. என் வேலை, அந்தப் பிரதியை அச்சடித்து, கீழே சாட்சிக் கட்டத்தில் கையெழுத்திட்டு, திருப்பி அனுப்புவது. அவர்கள் ஊர் வக்கீல் ஆபீஸ் மறுநாள் காலை திறக்கும்போது, அதாவது நம் புதன்கிழமை இரவு ஏழரைக்குள், அது அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை விமானம் குழந்தை இல்லாமல் போகும்.

முனையில் இருக்கிற ஜெராக்ஸ் கடை பாதி ஷட்டரில் இருந்தது. குனிந்து உள்ளே போய்ப் பிரதி எடுத்து, அங்கேயே கண்ணாடி மேஜையில் வைத்துக் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் எதில் போட்டோம் என்று வாசித்தேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். முதலில் கை, பிறகு கண்.

ஆங்கிலத்தில் அடித்திருந்த அந்த வாசகத்தின் அர்த்தம் இவ்வளவுதான்: 'மேற்படியார் கையெழுத்து இடுவதை, இடும் அந்த நேரத்திலேயே, இடையில் தடங்கல் ஏதும் இன்றி, நான் என் கண்ணால் கண்டேன். இது பொய்யானால் தண்டனைக்கு உரியவன் ஆவேன் என்று அறிவேன்.'

நடு ரோட்டில் நின்றுவிட்டேன். முகக்கவசத்துக்குள் என் மூச்சு எனக்கே சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். தொண்ணூற்றெட்டு காட்டியது.

"ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள் மனைவி எட்டிப் பார்த்து. "அப்புறம் எதுங்க கொறையுது?"

சொன்னேன்.

"பார்த்தீங்களா, பார்க்கலீங்களா?"

"பாதி பார்த்தேன்."

"பாதி பார்த்ததுக்கு எங்கப்பன் ஊர்ல பார்க்கலைன்னுதானுங்க சொல்லுவாங்க."

உட்கார்ந்து எனக்காக நானே வாதாடிப் பார்த்தேன். அதே முகம், அதே காகிதம், அதே பேனா. அந்தப் பதினோரு நொடிக்குள் வேறு எவளோ மேஜைக்கு அடியிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மறைந்தாளா? கனம் கோர்ட்டார் அவர்களே, தையல் இருக்கிறது என்றால் ஊசி இறங்கியிருக்கிறது என்றுதானே பொருள்? நன்றாகத்தான் வாதாடினேன். ஆனால் எதிரே நின்ற வக்கீலும் நான்தான். அவன் கொஞ்சம் கெட்டிக்காரன். அந்த நாட்டு ஏர்போர்ட்டில் ஒரு ஆறடி அதிகாரி மேஜையைத் தட்டி, "அந்தப் பதினோரு நொடி எங்கே?" என்று கேட்பதாகவும், நான் பெட்டியைத் துழாவுவதாகவும் எண்ணம் ஓடியது. அங்கே ஜெயிலில் குளிருமே, என்னிடம் ஒரு ஸ்வெட்டர்கூட இல்லையே என்றும் கவலைப்பட்டேன். அலமாரி முழுக்க மிச்சமான அரைக்கை பனியன்தான்.

இத்தனைக்கும் மசியாமல் அனுப்பித்தான் இருப்பேன். அப்போது பார்த்துக் குழந்தை வந்தாள். வாசலில் நின்று, "மாமா, எங்கம்மா எப்படிக் கையெழுத்துப் போட்டாங்க தெரியுமா?" என்றாள். ஒரு கலர் பென்சிலைக் காற்றில் தூக்கி, வாயைப் பாதி திறந்து, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சிலை மாதிரி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு "அவ்ளோதான்!" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

தெருவிலேயே உண்மையான சாட்சி அவள் ஒருத்திதான். தான் என்ன பார்த்தாளோ அதை மட்டும் சொன்னாள்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு நோட்டு உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒட்டுத்தாளில் ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டது என்று காட்டினால்தான் அந்த மெஷின் மறுபடி ஓடும். குண்டூசித் தலை அளவு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். சிலதைப் பார்த்து முழுசுக்கும் பாஸ் போடுகிற நானே, அந்த நோட்டில் மட்டும் ஒரு நாளும் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டதில்லை. ஏனென்றால் நாங்கள் அதிகமும் தைப்பது குழந்தைகள் போடுகிற பனியன். எங்கேயோ ஒரு பிள்ளையின் முதுகில் அந்தத் துண்டு போய்க் குத்தும்.

இதுவும் குழந்தைச் சரக்கு. ஒரு துண்டு கிடைக்கவில்லை. ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் குழந்தையின் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். முட்டி போட்டு, பெட்டி மேல் உட்கார்ந்து, ஜிப்பை இழுத்துக்கொண்டு. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது.

"ஏனுங்க தம்பி, அப்பவே சொல்றதுக்கென்னுங்க? பார்த்தேன், ஓகேன்னீங்க. நானும் பொறத்தால உட்கார்ந்து கேட்டனுங்களே?"

"வாய் தவறிருச்சுங்கண்ணா."

"வாய் தவறுமுங்க. பிளேனு தவறுனா? அந்தப் புள்ள அங்க பொட்டியாட்டம் கட்டிலு வாங்கிப் போட்டு, ரோஸ் கலர்ல போர்வை வாங்கிப் போட்டு உட்கார்ந்திருக்குது. உங்களுக்குப் பதினோரு செகண்டு பெருசாப் போச்சா?"

கையிலிருந்த பத்திரத்தை நீட்டினேன். "அனுப்பச் சொன்னா அனுப்பறேனுங்கண்ணா. நாளைக்கு அங்க எவனாச்சும் கேட்டா, புள்ள கவுண்டர்ல நிக்கும்."

அண்ணன் காகிதத்தை வாங்கவில்லை. பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். ஜிப் பாதியில் நின்றது. குழந்தை உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

"என்ற சர்வீஸ்ல" என்றார் கடைசியில், அவருக்கு மெதுவான குரலில், அதாவது சாதாரண மனிதர் கத்துகிற குரலில், "கண்டக்டர் விசில் அடிக்காம வண்டிய நகர்த்துனதில்லீங்க. கண்ணாடியில படி காலியா இருக்கறது தெரியும். அப்பவும் விசில் வேணும். ஒருக்கா அடிக்காம எடுத்தேன். ஒரு அம்மா காலு..." நிறுத்தினார். "கிழிச்சுப் போடுங்க அதை."

கிழித்தேன். கிழித்த பிறகு வந்த பயம் வாசித்தபோது வந்ததைவிடப் பெரிசு. பொய்ச் சாட்சியாவது கையில் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அண்ணன் மகளுக்குச் செய்தி அனுப்பினோம். டியூட்டி முடிந்து வந்ததும் புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், நமக்குக் காலை ஏழு மணி என்று. இரவு முழுக்க அந்தச் செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. நான் புரண்டு படுக்கும்போதெல்லாம், "எந்திரிச்சு இன்னொருக்கா ஆக்சிமீட்டர் போட்டுப் பார்த்துக்கங்க" என்று பக்கத்திலிருந்து வைத்திய ஆலோசனை வந்தது.

விடிந்ததும் அண்ணன் கேட்டைத் தட்டினார். செய்தியைப் படித்துவிட்டாள், சரி என்று எழுதியிருக்கிறாள்.

"ஆனா உங்க ஊட்டுக் குடத்தை நம்பி இனி உட்கார முடியாதுங்க. என்ற வண்டிக்கு வாங்க. செட்டுக்குப் பக்கத்துலயே டவரு. போன் பறக்கும்."

பல்லடம் ரோட்டில் ஒரு தகர செட்டில் அவருடைய பஸ் நாலைந்து மாதமாக நின்றுகொண்டிருந்தது. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று தினமும் காலையில் போய் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு வருவார். அன்றைக்கு அந்த வேலையும் சேர்ந்தே நடந்தது. அண்ணன் டிரைவர் சீட்டில் ஏறி எஞ்சினைப் போட்டார். போனை முன் கண்ணாடிக்குக் கீழே, பிளாஸ்டிக் பூமாலைக்கு நடுவில் நிறுத்தினோம். நான் எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்தேன்; சட்டை பெல்ட் ஷூவோடு. அடியில் சூடு, உள்ளே சூடு. குழந்தை எனக்குப் பக்கத்தில், கம்பியில் தொங்கிய கண்டக்டர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. நாலைந்து மாதம் எவர் வாயிலும் படாத விசில். ஆனாலும் என் மனைவி கொடுத்தனுப்பிய சானிடைசரில் அதைக் குளிப்பாட்டியிருந்தோம்.

கால் வந்தது. கண்ணாடி மாதிரி தெளிவு. அண்ணன் மகள் டியூட்டி உடையைக்கூட மாற்றவில்லை. மூக்கின் மேலும் கன்னத்திலும் முகக்கவசத்தின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"மன்னிச்சுக்க கண்ணு" என்றேன். "நேத்து நான் பார்க்கலை. பார்த்தேன்னு சொன்னேன்."

அவள் சிரித்தாள். "பரவாயில்லீங்கண்ணா. நாங்க ஒரு மருந்து போடறதுக்கே ரெண்டு பேரு பார்த்துக் கையெழுத்துப் போடுவமுங்க. ஒருத்தர் பார்க்கலைன்னா, மறுபடியும் மொதல்லருந்து."

மறுபடியும் முதலிலிருந்து. பாஸ்போர்ட். வெற்றுக் கோடு. வாசிப்பு. மகள் பெயர் வந்த இடத்தில் இந்தத் தடவை அவள் நிறுத்தி, நிமிர்ந்து மகளைப் பார்த்துவிட்டு மேலே வாசித்தாள். நான் குழந்தையிடம் சொன்னேன்: "அம்மா பேனா காகிதத்தைத் தொட்டு, எழுதி முடிச்சு, மேல வந்ததும் நீ விசில் அடிக்கோணும். அதுக்கு முன்னால அடிச்சா செல்லாது."

அவள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

பேனா இறங்கியது. கட்டைவிரல் உயரத்துக்கு வந்தது. நான் மூச்சை நிறுத்திவிட்டேன். பேனா காகிதத்தைத் தொட்டது. முதல் எழுத்தின் வளைவு, நடுவில் ஒரு மேடு, பிறகு ஒரு சிக்கல், அடியில் அந்த நீள இழுப்பு. ஒரு மனுஷி தன் பெயரை எழுதுவதை அதற்கு முன் நான் இப்படிப் பார்த்ததில்லை. பேனா மேலே வந்தது.

குழந்தை விசிலடித்தாள். கன்னம் இரண்டும் உப்ப, நாலைந்து மாத இடைவெளிக்கும் சேர்த்து.

அடுத்த கணம் பஸ் நகர்ந்தது.

சும்மா நகரவில்லை, ஒரு குதி குதித்து, இரண்டடி தள்ளிப்போய், செட்டின் தகரத்துக்கு ஒரு சாண் முன்னால் குலுங்கி நின்றது. போன் பூமாலையோடு உருண்டு என் மடியில் விழுந்தது. நான் கியர் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். போனுக்குள்ளிருந்து, "அப்பா? அண்ணா? என்னுங்க ஆச்சு? ஒண்ணுமே தெரியலை!" என்று அவள் கத்தினாள்.

அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தார்.

"விசில் அடிச்சாங்க..." என்றார். "கை தானாக் கியரப் போட்டிருச்சு, காலு தானாப் போயிருச்சுங்க தம்பி."

"உங்களுக்குக் கால் தவறுது. எனக்கு வாய் தவறுது" என்றேன். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். போனை நிமிர்த்தியதும் அதற்குள்ளும் சிரிப்பு. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எஞ்சினை அணைக்கப் போன கையை எடுத்துவிட்டு, "இன்னுஞ் சித்த நேரம் ஓடட்டுமுங்க, பேட்டரி ஏறட்டும்" என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தச் சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் வெளியே கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்.

பாதி ஷட்டருக்குள் மறுபடி குனிந்தேன். இந்தத் தடவை வாசகத்தை இரண்டு முறை வாசித்து, கமாவைக்கூட விடாமல் வாசித்து, அப்புறம்தான் பேனாவைத் திறந்தேன். கடைக்காரர், "சொத்துப் பத்திரமுங்களா?" என்று கேட்டார். "அதைவிடப் பெருசுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பதினொன்றரை மணிக்கே அனுப்பியாகிவிட்டது. வக்கீல் ஆபீஸ் திறந்ததும், சரியாக இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை குழந்தை போனாள். ஏர்போர்ட்டில் என் கையெழுத்தை யாராவது பார்த்தார்களா என்று விசாரித்தேன். பத்திரத்தை வாங்கி, ஒரு புரட்டுப் புரட்டி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்களாம். சாட்சிக் கட்டம் இருந்த பக்கம் பிரிக்கவே இல்லையாம். அதாவது, அவர்களும் சிலதைப் பார்த்து முழுசுக்கும் பாஸ்.

பஸ்கள் மறுபடி ஓட ஆரம்பித்த அன்று அண்ணனுடைய கண்டக்டர் வண்டி முழுக்கத் தேடினாராம். சீட்டுக்கு அடியில், கூரைக் கம்பியில், டிக்கெட் பைக்குள்.

"என்ற விசிலைக் காணமுங்களே?"

"அது ஃபாரின் போயிருச்சு" என்றாராம் அண்ணன். "நீ கதவைத் தட்டு. நான் எடுக்கறேன்."